தட்டிவிட்டுப் பிடிக்கும் கை

டெக்னிக்கல் டைவிங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே வரியில் சொல்வேன்: நினைத்தவுடன் மேலே வர முடியாத முழுக்கு. சாதாரண ஸ்கூபாவில் பயந்தால் ஏறிவிடலாம். இதில் ஆழம் அதிகம். உடம்பில் கரைந்த வாயு வெளியேறுவதற்காக வழியில் அங்கங்கே நின்றுதான் ஏற வேண்டும். அவசரப்பட்டால் கை கால் விழும், உயிரும் போகும். ஆகவே கற்றுக்கொடுப்பவர் யார் என்பதுதான் இதில் எல்லாமே. இவ்வளவும் தெரிந்திருந்தும், பாளையங்கோட்டை மாடி அறையில் அலுவலக வேலையை ஒரு திரையிலும் முழுக்கு வீடியோக்களை இன்னொரு திரையிலும் ஓடவிட்டபடி ஆசிரியரைத் தேடிய அந்த மாதங்களில், என்னிடம் இருந்த அளவுகோல் ஒன்றுதான்: யார் சீக்கிரம் முடித்துத் தருவார்?

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் வடக்கே ஒரு கடற்கரை ஊரில் பயிற்சி நடத்துபவர். போனில் என் குரலைக் கேட்டதுமே, "உனக்கெல்லாம் இது தண்ணிபட்ட பாடு தம்பி. ஒரு இடம்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இன்னொருவர் ஆழ்வார்திருநகரிக்காரர். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். செங்கடலில் பல வருடம் கற்றுக்கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்த அக்கா. அவர் என்னிடம் முதலில் கேட்டதே வேறு.

"இதுவரைக்கும் எத்தன முழுக்கப் பாதியில நிறுத்திட்டு மேல வந்திருக்க?"

"ஒண்ணுகூட இல்லக்கா!" என்றேன், பெருமையாக.

"அப்ப நீ எப்படிப்பட்டவன்னு உனக்கே இன்னும் தெரியல. சனிக்கெழம சேரன்மகாதேவி வா. ஒருக்கா சேந்து முங்குவோம். நான் உன்னப் பாக்குதேன், நீ என்னப் பாரு. எங்கிட்ட உசிரக் குடுத்து வைக்கப் போறவன் நீதானே."

சேரன்மகாதேவியில் வயலெல்லாம் முடிந்து கால்வாய்க்கு மேட்டுப் பக்கம் ஏறினால் பாறை நிலம். அங்கே அக்காவின் பெரியம்மா மகனுக்கு ஒரு கிணறு. அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். காரிலிருந்து சிலிண்டர்களை இறக்குவதைப் பார்த்து அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஏளா, கெணத்துல முங்க இவ்வளவு சாமானாக்கும்? நாங்கள்லாம் கோவணத்தோட குதிச்சி அடியில மண்ணெடுத்துட்டு வருவோம்."

"மண்ண எடுத்துட்டு வந்திய. மூளைய அங்கனயே வச்சிட்டு வந்துட்டியளே அண்ணே."

எங்கள் பக்கத்தில் கிணற்றில் முங்கியவன் தரையைத் தொட்டேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கையில் மண் இருக்க வேண்டும். பள்ளிக்கூட விடுமுறைகளில் நானும் அப்படித்தான் நீச்சல் பழகினேன்.

கிணற்றின் ஆழம் இரண்டு பனை என்றார் அண்ணாச்சி. அடியில், மேற்குச் சுவரில், அந்தக் காலத்தில் ஊற்றுத் தேடிப் பாறைக்குள் பக்கவாட்டில் வெடி வைத்துக் குடைந்த சுரங்கம் ஒன்று இருக்கிறதாம். "அதுக்குள்ள நாம போகப் போறதில்ல. தலைக்கு மேல எப்பவும் வானம் இருக்கணும்" என்றார் அக்கா. பாடம் எளிதுதான். கிழக்கே ஒரு எடைக்கல், அதிலிருந்து மேலே ஏறும் வடம். எடைக்கல்லிலிருந்து தரையோரமாக மேற்குச் சுவர்வரை ஒரு மெல்லிய கயிறு. கயிற்றில் இடைவிட்டு, கயிற்றோடு சாய்த்து மாட்டிய துணி காயப்போடும் கிளிப்புகள். கிளிப்பின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் வெளியே வரும் வழி. கண் தெரியாவிட்டாலும் தடவிப் பார்த்தால் விளங்கிவிடும். கலங்கலில், கூட வருபவரின் கையைப் பிடித்து முன்னால் தள்ளினால், 'போ' என்று அர்த்தம்.

"சரி, கிளிப்பு ஒண்ணு சொல்லுது, நான் ஒண்ணு சொல்லுதேன். என்ன செய்வ?"

"நீங்க சொல்றதத்தாங்க்கா கேப்பேன்."

"கிளிப்பக் கேளு. அந்நேரம் எனக்கே கிறுக்குப் புடிச்சிருக்கலாம்."

காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஆனாலும் இறங்க இறங்க வெளிச்சம் தலைக்கு மேல் ஒரு தாம்பாளமாகி, பிறகு ஒரு தட்டாகிச் சுருங்கியது. என் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அடியை நெருங்கியபோது மீன்களைப் பார்த்தேன். அண்ணாச்சி வளர்க்கிற கெண்டைகள். எல்லாம் ஒரே மட்டத்தில், ஒரே பக்கம் முகம் வைத்து நின்றன. அவை பார்த்த பக்கத்தில் டார்ச்சை அடித்தேன். சுவரில் சுரங்கத்தின் வாய். வெளிச்சம் அதற்குள் போனது, எதிலும் பட்டுத் திரும்பவில்லை. மீன்கள் அசையவும் இல்லை.

அக்கா எனக்குப் பின்னால், எடைக்கல் இருந்த பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். நான் கயிற்றைப் பிடித்தபடி பாதி தூரம் போயிருப்பேன். வயிறு தரையை உரசுமளவுக்கு இருந்தேன். அப்போது என் இடது கை, என்னைக் கேட்காமலே, கீழே போய் ஒரு பிடி மண்ணை அள்ளியது.

அவ்வளவுதான். எத்தனையோ வருடத்து வண்டல் எழும்பிக்கொண்டது. முதலில் பழுப்பு, பிறகு கறுப்பு. இடது மணிக்கட்டில் கட்டியிருந்த டார்ச்சை மாஸ்க்கில் ஒட்டி வைத்தாலும் மங்கலாக ஒரு சிவப்புதான் தெரிந்தது. மேல் எது, கீழ் எது என்பதும் போய்விட்டது. வலது கையில் கயிறு மட்டும் இருந்தது.

அப்போது என் இடது முழங்கைக்கு மேலே ஒரு கை பிடித்தது. நான்கு விரல், ஒரு கட்டைவிரல். பைய முன்னால் தள்ளியது. அப்பாடா, அக்கா வந்துவிட்டார். தள்ளிய பக்கமே போனேன். உடம்பெல்லாம் நிம்மதி. வலது கையில் கிளிப் தட்டுப்பட்டது, தடவினேன். அதன் வாய் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

நின்றேன். கை மறுபடியும் தள்ளியது. அதில் அவசரம் இல்லை. பிள்ளையைப் பந்திக்கு உட்காரச் சொல்வதுபோல ஒரு பொறுமை. இன்னொரு முறை கிளிப்பைத் தடவினேன். பிறகு திரும்பினேன். கை என்னை இறுக்கவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

கயிற்றோடு வந்தேன். இரண்டு கிளிப் தாண்டியிருப்பேன், நேர் எதிரே யார் மேலோ முட்டினேன். அக்கா. என் இரண்டு தோளையும் பிடித்து, வடத்தைக் கையில் கொடுத்து, மேலே ஏற்றினார்.

கிணற்றுப் படியில் உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றினால், என் இடது கை இன்னும் மூடியே இருந்தது.

"திற" என்றார் அக்கா. திறந்தேன். கறுப்பு மண்.

"பய மண்ணெடுத்துட்டாம்லா!" மேலிருந்து அண்ணாச்சி கை தட்டினார். அக்கா நிமிர்ந்து பார்த்த பார்வையில் கைதட்டல் நின்றது.

நான் முந்திக்கொண்டேன். "சாரிக்கா. ஆனா நல்லா பரீட்ச வச்சீங்க! வேணும்னே சுரங்கத்துப் பக்கம் தள்ளுனீங்கல்ல? நான் கிளிப்பத்தான் கேட்டேன்."

"நான் உன்னத் தொடல."

"சும்மா சொல்லாதீங்க."

"கலங்குனதும் கயித்தப் புடிச்சிட்டு அங்கனயே நின்னேன். நீ உள்பக்கம் போறது கயித்துல தெரிஞ்சிது. புடிக்க வாரதுக்குள்ள நீயே திரும்பிட்ட. ஒன் மேல என் கை பட்டது, நீ வந்து முட்டுனப்பதான்."

அண்ணாச்சி குனிந்து எட்டிப் பார்த்தார். "அது ஒண்ணுமில்லவே. சொரங்கம் அடுத்த கெணத்துக்குப் போவுது. அவன் மோட்டாரப் போட்டிருப்பான், தண்ணி இழுத்திருக்கும்."

எனக்கு அது பிடித்துப்போனது. "கரெக்ட் அண்ணாச்சி! சக்ஷன்!"

அக்கா என்னையே பார்த்தார். "மீனெல்லாம் எங்கன பாத்து நின்னுச்சி?"

"சுரங்கத்தப் பாத்து."

"தண்ணி வார பக்கம் பாத்துதான் மீன் நிக்கும். அதுலருந்து தண்ணி வெளிய வருது. தள்ளுனா உன்ன வெளியதான் தள்ளணும்."

அண்ணாச்சி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வரிசையாகக் காரணம் அடுக்கினேன்: பயம், இருட்டு, சிலிண்டர் வார் எங்காவது மாட்டியிருக்கும். அக்கா எதையும் மறுக்கவில்லை. எல்லாம் முடிந்தபின், "எனக்குத் தெரியல" என்றார். சாமான்களைக் கட்டினார்.

"கயிறு, கிளிப்பெல்லாம் கீழ கெடக்கேக்கா?"

"கெடக்கட்டும். என்னன்னு தெரியாத எடத்துக்கு ரெண்டாந்தரம் எறங்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் வடக்குக்காரருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டார். "இருட்டுல எல்லாருக்கும் அப்படித்தாம்ப்பா தோணும். எனக்கும் ஆயிருக்கு. அதெல்லாம் கண்டுக்கப்படாது. இங்க வா, ரெண்டு முழுக்குல பறந்துடும்." விளக்கம் அவரிடம் தயாராக இருந்தது. என் கதைக்காக அது காத்துக்கொண்டிருந்ததுபோல. அந்தச் சிரிப்பை நம்பி நான் எவ்வளவு ஆழம் போவேன் என்று யோசித்தேன். இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உடனே அக்காவைக் கூப்பிட்டேன். "என்னச் சேத்துக்குவீங்களாக்கா?"

"மண்ணள்ளுனவன வேண்டாம்னு சொல்லத்தான் நெனச்சிருந்தேன்." மூச்சு விடுவது கேட்டது. "ஆனா, கீழ உன்ன 'போ'ன்னு தள்ளுனப்ப நீ போகல. திங்கக்கெழம வா. இடுப்பளவு தண்ணியில ஆரம்பிப்போம். கைய மட்டும் சும்மா வச்சிக்கிடணும், சொல்லிட்டேன்."

இப்போது கடலில் பழகுகிறோம். மாஸ்க்கைக் கறுப்புத் துணியால் மூடிக் கயிற்றைத் தடவிப் போகும் பயிற்சி அடிக்கடி உண்டு. கையைப் பிடிப்பதற்கு முன்னால் அக்கா என் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவார். செங்கடலில் அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாதாம். சேரன்மகாதேவிக்குப் பிறகு எங்கள் இருவருக்குமாக அவரே வைத்த ஏற்பாடு. தட்டாமல் பிடித்தால் அது அவர் இல்லை.

இதுவரை தட்டாமல் எந்தக் கையும் பிடித்ததில்லை. ஆனால் இருட்டில் என் பக்கத்துத் தண்ணீர் லேசாக அசைந்து, யாரோ நெருங்கிவிட்டார்கள் என்று தோல் சொல்லும் நேரத்துக்கும், முதல் தட்டு விழும் நேரத்துக்கும் நடுவில் சின்னதாக ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் நான் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு, கட்டைவிரலால் கிளிப்பின் வாயைத் தேடி வைத்துக்கொள்கிறேன்.