சிரித்துவிட்டுப் போட்ட பூஜ்யம்

கேரள எல்லையில், குன்னத்துகால் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சனிக்கிழமைதோறும் வாசிப்பு, எழுத்துப் பட்டறை நடக்கிறது. பிள்ளைகளின் முன்னேற்றத்தைக் கட்டம் போட்ட பட்டியலில் குறித்துவைப்பது என் வேலை. கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் உட்கார்ந்து மூன்றைத்தான் பார்ப்பேன்: தானாக வாசிக்கிறதா, தானாக எழுதுகிறதா, எழுதியதைத் தானே திருத்துகிறதா.

நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்றையும் செய்தாள். ஆனால் தமிழை மலையாள எழுத்தில் எழுதினாள். அங்கன்வாடியில் அந்த எழுத்துதான் முதலில் கைக்கு வந்தது. வீட்டில் பேச்சு தமிழ். எங்கள் பக்கத்தில் இது அதிசயமே இல்லை. நானே மளிகைச் சீட்டை அப்படித்தான் எழுதுகிறேன்.

ஆண்டு முடிவில் தலைமையாசிரியை அவள் அம்மாவை அழைத்தார். பட்டியலோடு நானும் அங்கே இருந்தேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு அம்மா நேராக வந்திருந்தாள். விரல்களில் பால் காய்ந்திருந்தது.

"இது தமிழும் இல்ல, மலையாளமும் இல்ல. ரெண்டுலயும் பூஜ்யமாக்கும். இன்னொரு வருஷம் நாலுலயே இருக்கட்டு. இதுல ஒரு ஒப்பு போடுங்க." தலைமையாசிரியை சம்மதக் கையெழுத்துக்காகத் தாளை நீட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தவில்லை. "அவ எழுதினத அவளே வாசிக்கட்டு டீச்சர்," என்றேன்.

வெள்ளறடை பஸ்ஸில் பலாப்பழத்தோடு போன கதை. அம்மாவின் பக்கத்தில் நின்றிருந்த சிறுமி தடையில்லாமல் வாசித்தாள்: "சக்கைக்கும் டிக்கெட் உண்டா எண்ணு அம்மை கேட்டா. சீட்டுல இருந்தா உண்டு எண்ணு கண்டக்டர் சொன்னாரு. அம்மை சக்கைய மடியில வச்சா. இதுக்கு மூணு வயசு, டிக்கெட் வேண்டாம் எண்ணா."

தலைமையாசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கொள்ளாம் மக்கா!" என்று மெச்சினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஒப்பு போடுங்க," என்றார்.

புரியாமல் போட்ட பூஜ்யமென்றால் பொறுத்திருப்பேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்து, சிரித்து, அதற்குப் பிறகும் பூஜ்யம்.

"அக்கா, போடாதீங்க," என்று பிள்ளையின் அம்மாவிடம் சொன்னேன்.

"நீ கட்டம் நிரப்ப வந்தவளாக்கும்," என்றார் தலைமையாசிரியை.

"ஆமா டீச்சர். இந்தக் கட்டத்துல பூஜ்யத்த நான் நிரப்பமாட்டேன்."

அம்மா பேனாவை மேசைமேல் வைத்தாள். "கண்டக்டர்கிட்ட சொன்னது நானாக்கும் டீச்சரே. பிள்ள ஒண்ணும் விடாம எழுதியிருக்கு. நான் ஒப்பு போடமாட்டேன்."

அம்மாவின் ஒப்பு இல்லாமல் நிறுத்திவைக்க முடியவில்லை; இப்போது சிறுமி ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். அவள் வரிகளில் தமிழ் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, அதையும் குறித்துவைக்கிறேன். தலைமையாசிரியை என்னோடு பேசுவதில்லை. நானும் போய்ப் பேசவில்லை. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.