தையல்காரர் வீட்டுப் பூனை

ஸ்டெல்லா டீச்சர் இருந்தார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நூர்ஜகான் அக்கா இருந்தார். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் தணிகாசலம் இருந்தார். கூடைக்குள், ஒரு கண் மூடிப்போன வெள்ளைக் குட்டி இருந்தது. நான் இருந்தேன்.

இத்தனை பேர் முன்னால் நான் பொய் சொன்னேன்.

“நல்ல ஊடு ஒண்ணு கீது டீச்சர்” என்றேன்.

வீடு இல்லை. நான் தேடவே இல்லை.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எனக்கு யாரோ. அதனால்தான் சொல்ல முடிகிறது...

தொண்ணூறுகளின் தொடக்கம். டீச்சரின் வீட்டுக்காரருக்கு ஆவடியில் ஆலை வேலை. அவர்களுடைய குவார்ட்டர்ஸ் வராந்தாவில்தான் எங்கள் கூட்டம். அதற்குப் பெயர் கிடையாது, பலகை கிடையாது. சாக்கடையோரம், குப்பைத்தொட்டி என்று கிடக்கும் பூனைக்குட்டிகளை எடுத்து வந்து தேற்றி, வீடுகளுக்குக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றால் போதும், உங்களுக்கும் ஒரு வேலை உண்டு.

நூர்ஜகான் அக்கா இங்க் ஃபில்லரால் பால் புகட்டுவார். தணிகாசலம் புண்ணுக்கு மருந்து போடுவார். மீன்காரம்மாவிடம் தலையும் வாலும் கேட்டு வாங்கி வருவது டீச்சர்.

நான் பட்டாபிராம் ரயில்வே சைடிங்கில், சரக்கு வேகன்களிலிருந்து மூட்டை இறக்குகிறவன். ஒருநாள் மூட்டைக்கிடையில் நசுங்க இருந்த குட்டியைத் துண்டில் சுற்றி அங்கே கொண்டுபோனேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நாலு ஊரு தெரிஞ்ச ஆளு நீங்க, எத்திராஜ். குட்டிகளுக்கு வீடு பாத்துக் குடுங்க.”

நான்கு ஊர் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வாசலில் நின்று பேசத் தெரியாது! அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. டீச்சர் வைத்த வழக்கம். குட்டியை வாங்குகிற வீட்டார் ஒரு பிடி அரிசி கொடுத்தனுப்ப வேண்டும். கொடுத்தால், அதற்குச் சோறு போடச் சம்மதம் என்று அர்த்தம். அந்த அரிசியை மீன்தலையோடு குழைய வேகவைத்து மற்றக் குட்டிகளுக்கு வைப்பார்கள். அரிசி வந்தால் குட்டி நல்ல இடத்தில் சேர்ந்தது என்று வராந்தாவே மகிழ்ந்துபோகும்.

முதல் மூன்றும் உண்மை. தெரிந்த வீடுகள். மூன்று பிடி அரிசி கொண்டுவந்தேன்.

நான்காவதைப் பூந்தமல்லியில் ஒரு வீட்டுக்குத் தூக்கிப்போனேன். கதவைத் திறந்த அம்மாள் கூடையைப் பார்த்தாள்.

“ஐய... காலங்காத்தால பூன மூஞ்சில முழிக்க வெச்சிட்டியே! உனுக்கு வேற பொயப்பே இல்லியா? எட்த்துகினு போய்யா!”

தெருவே பார்த்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அதற்குப் பிறகு ஒரு கதவையும் நான் தட்டவில்லை.

அன்று மதியம் சைடிங். காலி வேகன்கள் வரிசையாக நின்றன. தண்டவாளம் வெயிலில் தண்ணீர்போல் நெளிந்தது. ஒரு வேகனின் கதவு திறந்திருந்தது. உள்ளே வைக்கோல், சிந்திய கோதுமை, நிழல். எலி இருக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணினேன். உள்ளே விட்டேன்.

உண்மையில் அப்படி எண்ணினேனா? எண்ண விரும்பினேன். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போய், என் பானையிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளித் துண்டின் முனையில் முடிந்தேன்.

“எந்த வீடு? எப்படி இருந்தாங்க?” என்றார் டீச்சர்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. எனக்கு வாய் திறந்தது! கிணறு உள்ள வீடு என்றேன். கிணற்றுமேட்டில் துவைகல், அது வெயிலில் சூடாக இருக்கும், குட்டி போனதுமே அதன்மேல் சுருண்டுகொண்டது என்றேன். வாசலில் பேச வராதவன், வராந்தாவில் வீடு கட்டினேன்.

வாரத்துக்கு ஒரு வேகன், ஒரு வீடு. பால்காரர் வீடு. இரண்டு கிழவர்கள் மட்டும் இருந்த மாடி வீடு. சொல்லச் சொல்ல எனக்கே அவை தெரிந்தன. மூட்டையோடு நடக்கும்போது அந்தத் தெருக்களில் நடந்தேன். பூனைகள் வளர்ந்தன, மதிலில் நடந்தன, என்னைப் பார்த்து வாலைத் தூக்கின...

ஒருமுறை நூர்ஜகான் அக்கா முறத்தில் அரிசியைக் கொட்டிப் பார்த்தார்.

“இன்னா அண்ணாத்தே, நீ போற ஊட்லல்லாம் ரேஷன் அரிசியே துன்றாங்க?”

தணிகாசலம் விழுந்து விழுந்து சிரித்தார். “அவரு மூஞ்சிக்கு பாஸ்மதியா குடுப்பாங்க?”

நானும் சிரித்தேன். அடுத்த வாரம் பக்கத்து வீட்டில் என் அரிசியில் ஒரு பிடி அள்ளிக் கொடுத்து, ஒரு பிடி பச்சரிசி மாற்றி வாங்கினேன். பொய்க்குப் பூனையைவிட அதிகமாகத் தீனி போட வேண்டியிருந்தது.

ஒரு குட்டி போனால் டீச்சர் இன்னும் இரண்டைத் தூக்கிவருவார். “எத்திராஜ் இருக்காரே!” என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் உண்மையைச் சொல்லவில்லையோ? இருக்கலாம்.

அந்த ஒற்றைக்கண் வெள்ளைக் குட்டிக்கு டீச்சர் முத்து என்று பெயர் வைத்திருந்தார். இரண்டு மாதம் மடியிலேயே கிடந்தது. கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தார். அதற்காக மிக நல்ல வீடாகக் கட்டினேன். திருமழிசையில் ஒரு தையல்காரர். தெருவைப் பார்த்த பச்சை ஜன்னல். ஜன்னலோரம் மிஷின். வெட்டித்தள்ளிய துணிமேல் முத்து தூங்கும்.

முத்துவை விட்ட வேகன் அன்றே நகர்ந்தது. சத்தமில்லாமல், கனவில் நகர்வதுபோல் நகர்ந்தது. கதவோரம் வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் ஓடவில்லை. கை தட்டிக் கூப்பிடவில்லை. அது வளைவில் மறையும்வரை நின்றேன்.

மறு வருஷம் டீச்சரின் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து நாகர்கோவில் போக வேண்டும்.

“போறதுக்கு முன்ன முத்துவ ஒரு தடவை பாக்கணும் எத்திராஜ். கூட்டிட்டுப் போங்க.”

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. “சரி டீச்சர்” என்றேன்.

பஸ்ஸில் போனோம். டீச்சர் மடியில் காய்ந்த நெத்திலிப் பொட்டலம். திருமழிசையில் இறங்கித் தெருத்தெருவாக நடந்தேன், நான் கட்டிய வீட்டைத் தேடிக்கொண்டு! கடைசியில் ஒரு வீடு பூட்டிக்கிடந்தது. ஜன்னல் பச்சை. சத்தியமாகப் பச்சை. என் கால்கள் நின்றுவிட்டன.

“இதா?”

“இதான். எங்கியோ போய்ட்டாங்க போலகீது.”

டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்து உள்ளே எட்டிப்பார்த்தார். இருட்டு. “முத்து... முத்து...” என்று கூப்பிட்டார். வெகுநேரம் கூப்பிட்டார்.

பிறகு பொட்டலத்தைப் பிரித்து ஜன்னல் கட்டையில் வைத்தார். என் பக்கம் திரும்பினார். முகம் தெளிந்திருந்தது.

“நல்ல காத்தோட்டமான வீடு. நான் மனசுல நினைச்ச மாதிரியே இருக்கு.”

அந்த முகத்தைத்தான் நான் தூக்கிக்கொண்டு திரிகிறேன். எத்தனையோ மூட்டை இறக்கியிருக்கிறேன். இதை இறக்க இடம் தெரியவில்லை.

நாகர்கோவிலிலிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு இன்லண்ட் கடிதம் வரும். கடைசி வரி, முத்து நலமா? எனக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். நலம் என்று எழுதிப் போடுவேன். சில வருஷம் கழித்துக் கடிதம் நின்றுபோனது.

நீங்கள் இப்படியொரு கூட்டத்தில் சேர்வதாக இருந்தால் சேருங்கள். பால் புகட்டுங்கள். கூடை தூக்குங்கள். புண்ணைக் கழுவுங்கள். வீடு கேட்கும் வேலையைக் கொடுத்தால், வராது என்றால் வராது என்று சொல்லிவிடுங்கள். அதில் வெட்கம் இல்லை. வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது...

இப்போதும் உலையில் அரிசி போடும்போது கை நிற்கிறது. என்னிடம் தந்த குட்டிகள் இருபத்திரண்டு. மூன்று பிடி பிறர் கொடுத்தது. மீதி நான் அள்ளியது.

பத்தொன்பது பிடி.