சிரித்தவர்களின் கசெட்

கைதட்டல் ஓயும்வரை எப்படித் தலைகுனிந்து நிற்பது என்று குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு மாதம் பழகியவன் நான். பகிடிகளை எழுதிய தாளில் எங்கெங்கே சபை சிரிக்கும், அதற்கு எவ்வளவு நேரம் பொறுத்து நிற்கவேண்டும் என்று சிவப்புப் பேனையால் குறித்தும் வைத்திருந்தேன். ஓரிடத்தில் ‘கண்ணீர் துடைப்பார்கள், இப்போது தண்ணீர் குடிக்கலாம்’ என்று எழுதியிருந்தேன். அந்த இடம் வந்தபோது மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. தாளில் இருந்தபடி தண்ணீரை மட்டும் குடித்தேன்.

வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் ஒரு காப்புறுதிக் கம்பனியில் எழுதுவினைஞன். தலைநகரில், வடக்கிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் நிறைந்த வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஓர் அறையில் இருந்தேன். லண்டனிலிருந்து வந்த நண்பன் ஒரு வீடியோ கசெட் கொண்டுவந்திருந்தான். அதில் ஒரு வெள்ளைக்காரன் தனியாக மேடையில் நின்று தன் நாட்டு ராணியை, தன் பெண்சாதியை, முன்வரிசையில் இருந்தவனின் மூக்கை எல்லாம் ஒன்றரை மணித்தியாலம் கிழித்தான். கிழிபட்டவர்கள் காசு கொடுத்து வந்திருந்து சிரித்தார்கள். இதைத் தமிழில் ஏன் இன்னும் ஒருவரும் செய்யவில்லை என்று ஆச்சரியப்பட்டேன். ஆச்சரியப்பட்டதோடு நிறுத்தியிருக்கலாம்.

பழைய மாணவர் சங்கமொன்று தன் ஆண்டு விழாவில் எனக்கு ஒரு மணித்தியாலம் தந்தது. தருவதற்கு முன் செயலாளர் என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

“தம்பி, ஆமி வேண்டாம்.”

“சரி.”

“இயக்கப் பெடியளும் வேண்டாம்.”

“சரி.”

“பொலிஸ், மந்திரிமார், கோயில், எங்கட சங்கத் தலைவரின்ரை மனிசி. இதுகளைத் தொடாதையும். மிச்சம் எல்லாத்தையும் நீர் தாராளமாக் கிழியும்.”

மிச்சமாக இருந்தவர்கள் எங்கள் ஆட்கள். வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்காரனிடம் ஏமாந்து மூன்று விமான நிலையங்களில் திருப்பி அனுப்பப்பட்டவர். லொட்ஜ் அறையில் முறை வைத்துப் படுக்கிற ஐந்து பேர். வடக்கில் சண்டை கூடும்போதெல்லாம் வாடகையைக் கூட்டும் வீட்டுக்காரர். வெளிநாட்டு மாப்பிள்ளையின் படத்தைக் கைப்பையில் கொண்டுதிரியும் தாய்மார். ஆயுதம் வைத்திருந்த அத்தனை பேரையும் கவனமாக விலக்கிவிட்டு எழுதிய அந்தத் தாளைப் பார்த்து, நான் எவ்வளவு துணிச்சல்காரன் என்று எனக்கே புல்லரித்தது.

எங்கள் சபைக்குச் சிரிப்பதற்கென்று ஒரு முறை இருந்தது. பகிடி விழுந்ததும் ஒருவரும் உடனே சிரிக்கமாட்டார்கள். முதலில் பின்வரிசையைத் திரும்பிப் பார்ப்பார்கள், அறியாத முகம் ஏதும் இருக்கிறதா என்று. பிறகு முன்வரிசையைப் பார்ப்பார்கள், பிரதம விருந்தினர் சிரிக்கிறாரா என்று. இரண்டையும் பார்த்து முடிப்பதற்குள் நான் அடுத்த பகிடிக்குப் போய்விடுவேன். அதனால் அன்றைக்கு நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அதற்கு முந்தியதற்கான சிரிப்புத்தான் கிடைத்தது. அதிலும் லொட்ஜைக் கிழித்தால் வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள், வீட்டுக்காரர்களைக் கிழித்தால் லொட்ஜ் சிரித்தது. ஏஜென்சியில் ஏமாந்தவரைப் பற்றிச் சொன்னபோது, இன்னும் ஏமாறாதவர்கள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள்.

ஒரேயொரு பகிடிக்கு மட்டும் யாரும் பின்னாலும் முன்னாலும் பார்க்கவில்லை. அது இது:

பெண் வீட்டார் கனடா மாப்பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விமான நிலையத்தில் நிற்கிறார்கள். படத்தில் இருப்பவரைக் காணவில்லை. கடைசியாக, அவருடைய தகப்பன் மாதிரி ஒரு வழுக்கைத் தலையர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். “அங்கிள், மாப்பிள்ளை அடுத்த பிளேனிலையோ?” என்று கேட்கிறார்கள். “நான்தான் மாப்பிள்ளை” என்கிறார் அங்கிள்.

மண்டபம் வெடித்தது. வெடித்த கையோடு எல்லாத் தலைகளும் ஐந்தாம் வரிசைக்குத் திரும்பின. அங்கே என் கட்டடத்தின் நாலாம் மாடிப் பெண், தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் இருந்தாள். வயது முப்பது, கணக்காளர் அலுவலகமொன்றில் வேலை. அவளுக்கு டொரொண்டோவில் ஒரு மாப்பிள்ளை பொருந்தியிருந்தது. காரில் சாய்ந்து நிற்கும் சுருள்முடி மாப்பிள்ளையின் படத்தைத் தாய் கட்டடம் முழுக்கக் காட்டியிருந்தார். எனக்கும் காட்டியிருந்தார். பிறகு கிருலப்பனையில் இருக்கும் யாரோ கனடா போய்வந்து, அந்த முடியும் இப்போது இல்லை, அந்தக் காரும் அவருடையது இல்லை என்று சொல்ல, அதுவும் கட்டடம் முழுக்கப் போனது. படிக்கட்டில் அதைக் கேட்டுச் சிரித்த நான், அதை என் மூளையில் உதித்ததுபோல எழுதிக்கொண்டேன்.

தகப்பன் தன் சப்பாத்தைப் பார்த்தார். தாய் மேலே மின்விசிறியைப் பார்த்தார். அவள் மட்டும் தலையைப் பின்னால் சாய்த்து, நேரே என்னைப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். தாய் அவளுடைய முழங்கையைக் கிள்ளுவது மேடையிலிருந்தே தெரிந்தது. அந்தச் சிரிப்பை என் திறமைக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சியை வீடியோ எடுக்கவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வெள்ளைக்காரனுக்கு ஒரு கசெட் இருந்தால் எனக்கும் ஒன்று இருக்கவேண்டும். கொட்டாஞ்சேனையில் கலியாண வீடு, பூப்பெய்திய பெண்ணுக்குச் செய்யும் சாமத்திய வீடு எடுக்கிற ஒருவர் வந்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு செயலாளர் வீட்டில் எல்லோரும் கூடியிருந்து கசெட்டைப் போட்டோம். தொடக்கத்தில், பேச்சு மேசைக்கு மேலே இரவல் கோட்டோடு என் பாதி உடம்பு தெரிந்தது. அதற்குப் பிறகு நான் வரவேயில்லை. ஒரு மணித்தியாலமும் சபைதான் ஓடியது: முன்வரிசை, பின்வரிசை, சேலைக்கரை, நகை, கொட்டாவி விடுகிற சின்னப்பிள்ளை, பெட்டிஸ் பலகாரத்தைக் கடிக்கிற பொருளாளர். என் குரலும் இல்லை. பின்னணியில் சினிமாப் பாட்டுகள் ஓடின. டூயட் பாட்டு ஒன்றுக்கு மண்டபம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மறுநாள் கொட்டாஞ்சேனைக்குப் போய் வீடியோக்காரர்மேல் ஏறி விழுந்தேன்.

“அண்ணன், மேடையில ஒரே ஆளுதானே? எவ்வளவு நேரம் ஒரே ஆளை எடுக்கிறது? கசெட் வாங்குறவங்க அவங்க அவங்க மூஞ்சியைத்தானே தேடுவாங்க.”

“என்ரை குரல்?”

“கரகரன்னு விழுந்திருந்திச்சு. அதான் பாட்டுப் போட்டேன். பாட்டு எல்லாம் புதுசு.”

அவர் சொன்னதுதான் நடந்தது. சங்கத்துக்காரர் எல்லோரும் தங்கள் முகத்துக்காகப் பிரதி வாங்கினார்கள். வெளிநாட்டில் இருந்த சொந்தங்களுக்கும் அனுப்பினார்கள். அதிலொன்று டொரொண்டோவில், மாப்பிள்ளையின் அக்கா வீட்டு டிவியில் ஓடியது. அவர்கள் கண்டது என்னவென்றால்: பாட்டு ஒன்று போகிறது. திடீரென்று சபை முழுவதும் ஒரே பக்கம் திரும்பி, தங்கள் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிற பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறது. கமரா அவள் முகத்துக்குக் கிட்டப் போகிறது. கலியாண வீட்டுப் பழக்கத்தில் நம் வீடியோக்காரர் அவள் முகத்தைச் சுற்றி ஒரு ரோசாப்பூ வட்டமும் போட்டிருந்தார்.

அங்கிருந்து தொலைபேசி வந்த அன்று பின்னேரமே பெண்ணின் தகப்பன் என்னை நாலாம் மாடிக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, அங்கையிருந்து கோல் வந்தது. ஊரே பாத்துச் சிரிக்கிற அளவுக்கு உங்கட பிள்ளை என்ன செய்தவள் எண்டு கேக்கினம். நாளைக்குச் சரியான பதில் வராட்டில் சம்பந்தம் இல்லையாம்.”

“மாப்பிள்ளையைப் பற்றின பகிடி எண்டு சொல்லலாமே?”

“மாப்பிள்ளையின்ரை வழுக்கையை நினைச்சுத்தான் சபை சிரிச்சது எண்டு சொல்லவோ? அப்பவும் சம்பந்தம் இல்லை.”

“அப்ப நான் என்னத்தைச் சொல்ல?”

“அது உம்மடை பாடு. பகிடி விடத் தெரிஞ்ச உமக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாதோ?”

தாய் குசினி அடுப்படியில் இருந்து சொன்னார்: “இந்தக் கலியாணம் குழம்பினா உவன் இந்தப் படியிலை கால் வைக்கப்படாது.” உவன் என்றது என்னை. கட்டடத்தில் படிக்கட்டு ஒன்றுதான் இருந்தது. மகள் அறைக் கதவோடு சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலி வீதியில், வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்கும் கொமியூனிகேஷன் கடைக்குப் போனோம். கடைக்கார நானா லைனை எடுத்துத் தந்தார். தகப்பன் கண்ணாடிக் கூட்டுக்கு வெளியே காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றார். மறுமுனையில் மாப்பிள்ளையின் அக்கா.

“சொல்லும். ஏன் எல்லாரும் அவளைப் பாத்துச் சிரிச்சவை?”

“அக்கா, அவளைப் பாத்துச் சிரிக்கேல்லை. என்ரை வேட்டி அவிண்டு விழுந்திட்டுது. மரியாதைக்கு எல்லாரும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினவை.”

“நீர் கோட்டெல்லோ போட்டிருந்தனீர்?”

“கோட்டுக்குக் கீழை வேட்டி.” உண்மையில் களிசான், நீளக் காற்சட்டை. மேசை மறைத்திருந்தது.

“வேட்டி அவிண்டதுக்கோ ஒரு சபை முகத்தைத் திருப்பும்? உள்ளுக்குப் போட்டிருப்பீர்தானே?”

போட்டிருந்தேன் என்றால் சபை திரும்பியதற்குக் காரணம் இல்லை. கண்ணாடிக்கு வெளியே தகப்பனின் முகத்தைப் பார்த்தேன்.

“இல்லையக்கா.”

“என்ன, இல்லையோ?”

“அண்டைக்கு... அவசரத்திலை மறந்திட்டன்.”

ஒரு பகிடியைச் சொல்லிவிட்டு இவ்வளவு பயத்தோடு நான் ஒருபோதும் காத்திருந்ததில்லை. பிறகு அந்த மனுசி சிரிக்கத் தொடங்கினார். மூச்சு வாங்கி, இருமி, “எல்லாரும் இஞ்சை ஓடி வாங்கோ” என்று வீட்டைக் கூப்பிட்டு, திரும்பவும் என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். டொரொண்டோவில் ஒரு வீடு முழுக்கச் சிரித்தது. பின்னால் யாரையும் திரும்பிப் பார்க்காமல், உடனே சிரித்தது. என் வாழ்நாளில் அப்படியொரு சபை எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

மாப்பிள்ளையே ரிசீவரை வாங்கினார். தடித்த, களைத்த குரல். “மெய்யே அண்ணை?” என்றார். அவருக்கு என்னிலும் பத்து வயதாவது கூட இருக்கும்.

அக்கா சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். “பொறும். எல்லாரும் முகத்தைத் திருப்பினவை எண்டுறீர். அவள் மட்டும் ஏன் நேர மேடையைப் பாத்துச் சிரிக்கிறாள்?”

கசெட்டை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

“அவவுக்குத் தூரப்பார்வை குறைவு, அக்கா. அண்டைக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரேல்லை. மேடை தெரிஞ்சே இருக்காது. எல்லாரும் சிரிக்க, அவவும் சிரிச்சவ.”

“கண் தெரியாதெண்டு எங்களுக்குச் சொல்லேல்லையே?”

“தூரத்துக்கு மட்டும்தான். கிட்டத்திலை நல்லாத் தெரியும்.”

“அது பறவாயில்லை” என்றார் அக்கா. “தம்பியும் பாக்க ஒண்டும் பெரிய வடிவில்லை.”

சம்பந்தம் தப்பிப் பிழைத்தது. தகப்பன் கதவைத் திறந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதார் என்றுகூட நினைக்கிறேன். நானா மட்டும் மிச்சக் காசைத் தந்தபடி மெல்லக் கேட்டார்: “சேர், மெய்யாவே அவ்வளவு பேருக்கு முன்னாலயா?”

ஒரு கிழமைக்குள் காலி வீதியின் இரண்டு பக்கமும் கதை பரவிவிட்டது. மரக்கறிக் கடையில் என்னைக் கண்டால் இடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள். அலுவலகத்தில் யாரோ என் மேசையில் ஒரு பெல்ட்டை வைத்துவிட்டுப் போனார்கள். வேடிக்கை என்னவென்றால், அன்று மண்டபத்தில் இருந்தவர்களே, “ஓம், ஓம், நாங்களும் கண்டனாங்கள்” என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். செயலாளர் அவிழ்ந்த வேட்டியின் கரை நிறத்தைக்கூடச் சொன்னார். நான் சிவப்புப் பேனையால் குறித்து வைத்த பகிடிகளில் ஒன்றுகூட ஒருவருக்கும் நினைவில் இல்லை.

என் பொய்க்குப் பொருத்தமாக அவளுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். பவர் இல்லாத வெறும் கண்ணாடி. தடித்த கறுப்பு பிரேம் அவளுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. டொரொண்டோவுக்கு அனுப்பிய புதுப் படத்திலும் அதோடுதான் நின்றாள். அக்காவுக்கு இப்போது திருப்தி என்று தாய் படிக்கட்டில் எல்லோருக்கும் சொன்னார், எனக்கும் சொன்னார். வீசா வந்தது.

அவள் போகிற அன்று, விமான நிலையத்துக்குப் போக வான் வண்டி கீழே நின்றது. சூட்கேசுகளை இறக்க நானும் கை கொடுத்தேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவள் நின்று, கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். நான் செய்த உபகாரத்துக்கு நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து, “பறவாயில்லை” என்று சொல்வதற்கு வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

“அண்ணை,” என்றாள், “அண்டைக்கு முழுக்க நீங்கள் சொன்னதிலை ஒரேயொரு பகிடிதான் நல்லா இருந்தது. இந்தக் கலியாணம் இதோடை நிண்டிடும் எண்டுதான் நான் அப்பிடிச் சிரிச்சனான். அதையும் போய் வேட்டியாலை மூடிப்போட்டு வந்திட்டியள்.”