ஒரு டைல்ஸும் என் வஞ்சமும்

கிளிநொச்சியில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டை, உள்ளே நுழைந்த முதல் நாளே உடைத்துவிட்டேன். முன்பெல்லாம் இந்த ஊரில் ஒரு வீடு உடைய மேலே ஏதாவது பறக்கவேண்டும். எனக்கு ஒரு கடகப்பெட்டி தேங்காய்ச் சிரட்டை போதுமாக இருந்தது.

மனைவிக்கு வேலை மாற்றம் கிடைத்துத் துணுக்காயிலிருந்து வந்திருந்தோம். வீட்டுச் சொந்தக்காரர் பிரான்சில் இருந்தார். பக்கத்து வளவில் அவருடைய அக்கா. திறப்புக் கோர்வையும் அதிகாரமும் அக்காவிடம்தான். குடிபுகுந்த அன்று பால் காய்ச்சவேண்டும். குசினியில் காஸ் அடுப்பில் காய்ச்சுவோம் என்று நான் சொன்னது அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"காஸிலயோ? இதென்ன தேத்தண்ணிக் கடையோ தம்பி? நடு ஹோலில மூண்டு கல்லு வைச்சுக் காய்ச்சோணும். கிழக்கால பொங்கோணும். என்ர தம்பியின்ர வீடு."

"நிலம் டைல்ஸ் எல்லோ அக்கா. கீழ கொஞ்சம் மண் பரப்புவமோ?"

"கூட்டித் துடைச்ச ஹோலுக்குள்ள மண்ணோ? ஒண்டும் நடக்காது, மூட்டுங்கோ."

மூட்டினேன். ஒன்றையும் உருப்படியாகச் செய்யாத எனக்கு அடுப்பு மூட்டுவதில் மட்டும் ஒரு பெருமை உண்டு. பால் பொங்கத் தாமதமானது. அக்கா "இன்னும் போடுங்கோ, இன்னும் போடுங்கோ" என்றார். நானும் கோயில் வேள்வி மாதிரிச் சிரட்டையை அள்ளிப் போட்டேன். பால் கிழக்கால்தான் பொங்கியது. பொங்கி வழிந்து சூடேறிய நிலத்தில் விழுந்ததும் 'டப்' என்று ஒரு சத்தம். சாமான் இறக்க வந்திருந்த என் மச்சான் சகுனம் நல்லதென்று நினைத்து "அரோகரா!" என்று கத்தினான். கல்லைத் தூக்கிப் பார்த்தால், ஒரு டைல்ஸ் மூலைக்கு மூலை, ஊருக்கு நடுவால் போகிற கண்டி வீதி மாதிரி நேராக வெடித்துக் கிடந்தது.

"ஆர் எரிச்சது?" என்றார் அக்கா.

"நீங்கள் சொல்லித்தானே அக்கா..."

"நான் பாலைக் காய்ச்சச் சொன்னனான். டைல்ஸைக் காய்ச்சச் சொல்லேல்லை."

சட்டம் அந்த இடத்திலேயே எழுதப்பட்டது. குடியிருக்கிற ஆட்களால் வந்த சேதத்துக்குக் குடியிருக்கிற ஆட்கள்தான் பொறுப்பு. வீட்டை விட்டு எழும்பும்போது அதே டைல்ஸைப் போட்டுக்கொடுக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் முழு ஹோலையும் புதிதாகப் பதித்துக் கொடுக்கவேண்டும்.

ஒரு டைல்ஸுக்கு நான் பொறுப்புத்தான். எரித்த கை என்னுடையது. ஆனால் முழு ஹோலுக்குமா?

"மிச்ச டைல்ஸ் ஏதும் கிடக்கோ அக்கா?"

"ஒரு துண்டும் இல்லை. அளந்து எடுத்தது."

போனில் படம் எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக் கடைகள், வவுனியாக் கடைகள் எல்லாம் ஏறினேன். மண்ணிறக் கொடியும் சின்னப் பூவும் போட்ட டைல்ஸ். "இந்த டிசைன் இப்ப வாறேல்லை அண்ணை" என்று எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்.

வெடிப்பின்மேல் பாய் விரித்தோம். அக்காவுக்கு யாராவது விருந்தாளி வந்தால் நேரே எங்கள் ஹோலுக்குத்தான் கூட்டிவருவார். திரை விலக்குவது போலப் பாயைத் தூக்குவார். வந்தவர்கள் குனிந்து பார்த்து "ச்சூ ச்சூ" என்பார்கள். நான் பக்கத்தில் பூசாரி மாதிரிக் கை கட்டி நிற்பேன். கடைசியில் சந்தியில் மீன் வாங்கப் போனபோது மீன்காரர், "ஆர், அந்த டைல்ஸ் வெடிக்க வைச்சவரோ?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் நான் பழிவாங்குவதென்று முடிவெடுத்தேன்.

முதல் முயற்சி தண்ணீரில். கிணறும் தண்ணீர்த் தொட்டியும் இரு வளவுக்கும் பொது. குழாயைப் பூட்டுகிற இடம் எங்கள் பக்கம். அக்கா குளிக்கப் போகிற நேரம் பார்த்துப் பூட்டினேன். "ஐயோ, கண்ணெல்லாம் சோப்பு!" என்று அலறல் கேட்டது. கேட்டது எங்கள் வீட்டுக்குள்ளிருந்து. அக்கா அன்று குளிக்கவில்லை, என் மனைவிதான் குளித்துக்கொண்டிருந்தாள். அதற்கான தண்டனை வேறு கதை.

பிறகு வற்றாப்பளை அம்மனிடம் முறையிட்டேன். அவா கோபக்காரி, சும்மா விடமாட்டா என்று நம்பினேன்.

விடவில்லை. அடுத்த கிழமை அக்காவின் கோழி ஒன்று வேலிக்குள்ளால் புகுந்து என் மோட்டார் சைக்கிள் சீற்றில் எச்சம் போட்டது. தடியோடு துரத்திக்கொண்டு அக்காவின் பின்வளவுக் கோழிக்கூடு வரை ஓடினேன். கோழி உள்ளே ஓடியது. நானும் தலையை உள்ளே விட்டேன். வைக்கோலை அது கிளறிய இடத்தில் ஒரு மண்ணிறக் கொடி தெரிந்தது. பக்கத்தில் சின்னப் பூ.

தடியால் இன்னும் கொஞ்சம் விலக்கினேன். கூட்டு நிலம் முழுக்க என் ஹோல்! அதுவும் ஒரு வெடிப்பும் இல்லாத ஹோல்.

மனைவி, "இப்பவே போய்க் கேளுங்கோவன்" என்றாள்.

"கேட்டா இரவோட இரவாக் கிளப்பிப்போடுவா. தம்பியார் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாறாராம். வரட்டும்."

அதன்பிறகு நான் அக்காவுக்கு நல்ல பிள்ளை. அரிசி மூட்டை தூக்கிக் கொடுத்தேன். விருந்தாளிகள் வந்தால் பாயை நானே தூக்கினேன். "தம்பி திருந்திட்டார்" என்று அக்கா ஊரெல்லாம் சொன்னார்.

தம்பியார் வந்தார். வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து விரதம் கழிந்த கையோடு, அக்கா அவரைக் கூட்டிவந்து பாயைத் தூக்கினார். "பார் ராசா, உன்ர வீட்டை என்ன செய்து வைச்சிருக்கினம் எண்டு. முழு ஹோலும் மாத்தித் தரோணும்." அவர் பாவம், என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டார்.

"செய்துதாறன்" என்றேன். "அதுக்கு முதல் எங்கட வீட்டில ஒரு நேரம் சாப்பிடோணும். அக்காவின்ர நாட்டுக்கோழி ஒண்டு வாங்கி அடிப்பம். நீங்களே ஒண்டைத் தெரிஞ்சு எடுங்கோ."

"நாட்டுக்கோழியோ!" அந்த மனிதரின் முகம் பத்து வயதுப் பெடியனுடையது ஆகிவிட்டது. "நானே பிடிக்கிறன் அண்ணை. பிடிச்சு எத்தினை வருசம்!"

"உனக்கேன் ராசா? உடுப்பு ஊத்தையாகும். நான் பிடிச்சுத் தாறன், நில்!" அக்கா பின்னால் ஓடிவந்தார். தம்பியார் அதற்குள் காற்சட்டையை மடித்துக்கொண்டு கூட்டுக்குள் தவழ்ந்துவிட்டார். உள்ளே பெரிய கொக்கரிப்பு. பிறகு வைக்கோலை விலக்குகிற சரசரப்பு. வெளியே வந்தபோது கக்கத்தில் கோழி, முழங்காலில் எச்சம்.

"அக்கா, இது என்ர ஹோல் டைல்ஸ் எல்லோ?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் மாமரத்தைப் பார்த்தேன்.

"மாரியில கோழிக்கும் குளிரும்தானே ராசா" என்றார் அக்கா.

அடுத்த நாள் மேசன் வந்தார். கூட்டிலிருந்து ஒரு டைல்ஸைக் கிளப்பி ஹோலில் பதித்தார். செலவு என்னுடையது. நான் சந்தோசமாகக் கொடுத்தேன், பொறுப்பென்றால் பொறுப்பு. எவ்வளவு உரஞ்சியும் அதன் மஞ்சள் கறை போகவில்லை. மழை நாளில் மெல்லிய கோழி வாசம் வரும். ஆனாலும் அதன்மேல் பாய் விரிக்க நான் விடுவதில்லை.

வெடித்த டைல்ஸை எறியச் சொன்னார்கள். நான் எறியவில்லை. கூட்டு வாசலில் கிளப்பிய இடம் குழியாகக் கிடந்தது. அக்காவின் காலல்லவா தடக்கும்? சீமெந்து குழைத்து, அதை நானே வாசலில் வடிவாகப் பதித்துக் கொடுத்தேன். தம்பியார், "நல்ல மனுசன் அண்ணை நீங்கள்" என்று தோளில் தட்டினார்.

அக்கா இப்போது எங்களுக்கு முட்டை தருவதில்லை. கடையில் வாங்குகிறோம். காலையில் அவர் முட்டை எடுக்கக் குனிகிற நேரம் நான் தேத்தண்ணியோடு வேலியடியில் நிற்பேன். குனிந்தால் கண்ணுக்கு நேரே கண்டி வீதி.

"காலமை வணக்கம் அக்கா" என்பேன்.