இறந்தவர் கேட்ட ஓட்டு

உள்ளாட்சித் தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, செத்துப்போன என் நண்பர் என்னைப் போனில் கூப்பிட்டார். நான் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு தொலித்துக்கொண்டிருந்தேன். தெரியாத எண். ஈரக் கையோடு விரலால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன்.

"மீட்டர்க்காரி, நான்தான் பேசுதேன்."

கத்தி கிழங்கிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

"அங்க மழை உண்டா?" என்று கேட்டார். எப்போது போன் செய்தாலும் அதைத்தான் முதலில் கேட்பார். பிறகு சொன்னார்: "எனக்க மவ இந்தத் தடவ பஞ்சாயத்துத் தலைவருக்கு நிக்கா. நான் செய்யாம விட்டத அவ செய்வா. மறக்காம ஓட்டுப் போடணும்."

அவ்வளவுதான். தொடர்பு அறுந்தது.

மூன்று நொடியில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒருவருடைய பழைய பேச்சுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், அவர் பேசாத சொற்களையும் அவர் குரலிலேயே அது பேசிக் காட்டும். இதைப் பற்றி ஒரு பள்ளிக்கூடத்தில் நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஆனாலும் பின்கழுத்து முடி சிலிர்த்துக்கொண்டு நின்றது. அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் தங்கை உள்ளே வந்து, யார் போனில் என்று கேட்டாள். "ராங் நம்பர்" என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

கதிர்வீச்சு அளப்பது என் வேலையாக இருந்தது. எங்கள் மாவட்டத்துக் கடற்கரை மணலில் இயற்கையாகவே அது உண்டு. கடியப்பட்டணம் பக்கம் கருமணலில் கருவியை வைத்தால் டிக் டிக்கென்று விடாமல் அடிக்கும். அப்படி ஒருமுறை கருவியோடு போய்க்கொண்டிருந்தபோதுதான் அவரைச் சந்தித்தேன். அப்போது அவர் பஞ்சாயத்துத் தலைவர். கூடவே நடந்து ஆயிரம் கேள்வி கேட்டார். அன்றிலிருந்து நான் மீட்டர்க்காரி. எதையும் நேரில் பார்க்காமல் நம்பமாட்டார். நானும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் சபையிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போவேன். கோவிலுக்கும் போகாத, சர்ச்சுக்கும் வராத அந்த மனிதரோடு சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருப்பேன்.

நாங்கள் இரண்டுபேரும் சேர்ந்து துப்பறிந்த வீடு ஒன்று உண்டு. கடலரிப்பில் வீட்டை இழந்த ஒரு குடும்பம், திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்து ஓரமாக நிலம் வாங்கித் தகரக் கூரை போட்டுக் குடிவந்தது. வந்த முதல் ஆவணியிலேயே கூரைமேல் கல் விழ ஆரம்பித்தது. நட்டுச்ச வெயிலில், ஆளில்லாத தோட்டத்திலிருந்து, டங் டங்கென்று. அந்த வீட்டு அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காமல் ஆகிவிட்டது. நாங்கள் மூன்று நாள் மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்தோம். அவர் ஒவ்வொரு சத்தத்துக்கும் மணி குறித்தார். வெயில் ஏறும்போது சத்தம் கூடியது, மேகம் மூடினால் நின்றது. முற்றிய ரப்பர் காய் வெயிலில் வெடித்து, கொட்டைகள் தெறித்து விழுந்துகொண்டிருந்தன. கடற்கரையிலேயே வளர்ந்தவர்களுக்கு ரப்பர் தெரியாது. ஆனால் அக்கம்பக்கத்தார் ரப்பரிலேயே வாழ்கிறவர்கள். அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். யாரும் சொல்லவில்லை. அந்த மண் சரியில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது அவர், "பேயில்லன்னு கண்டுபிடிச்சாச்சு. ஆனா இது பேயைவிட மோசம்" என்றார்.

கிழங்கை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர் மகள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நோட்டீஸ் கட்டுகள் கிடந்தன. அவள் மட்டும் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே, "அப்பா பேசினாரா மாமி?" என்று கேட்டாள்.

"இந்த மீட்டர்க்காரி உனக்கு எங்கேருந்து கெடச்சுது?"

"அப்பாக்க போனுல. எல்லாரையும் அவரு கூப்பிடுத பேருலதான் சேவ் பண்ணி வச்சிருக்காரு. பிரச்சாரத்துக்கு ஒரு கம்பெனிய வச்சோம். அவங்க அந்த லிஸ்ட அப்படியே வாங்கிப் போட்டுட்டாங்க."

லேப்டாப்பில் பட்டியலைக் காட்டினாள். ஊர் முழுவதும் அதில் இருந்தது. எல்லாம் அவர் வைத்த பட்டப்பெயர்கள். தையல்காரர் 'கஞ்சன்' என்று இருந்தார். தேங்காய்ப்பட்டணத்து மீன் வியாபாரி ஒருவர், கூப்பிட்டால் போனை எடுக்க வேண்டாம் என்பதற்காக, 'எடுக்காண்டாம்' என்று இருந்தார். அவருக்கும் போன் போயிருக்கிறது. தலைவர் குரலில், "எடுக்காண்டாம், நான்தான் பேசுதேன்." அவர் போனைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடியிருக்கிறார்.

"நீ செய்தது சரியா மக்கா?" என்றேன்.

"செத்தபிறகு ஒண்ணுமில்லன்னு அப்பாதான சொன்னாரு? உடம்பையே மெடிக்கல் காலேஜுக்குக் குடுத்தாரு. எதுக்காவது உதவட்டுன்னாரு. அப்பம் குரலு மட்டும் என்ன?"

அவர் உயிரோடு இருந்திருந்தால் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார், இதே மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு.

அப்போதுதான் வாசலில் ஆள் வந்தது. கல் விழுந்த வீட்டு அம்மா. கையில் ஒரு பையில் அயிலை மீன். பஸ் பிடித்து வந்திருந்தாள். முற்றத்தில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"தலைவரு இருக்காரா?"

மகள் எழுந்திருக்கவில்லை. நான்தான் போனேன்.

"அவரு இறந்துபோனது உங்களுக்குத் தெரியும்லா?"

"சொன்னாவ. ஆனா குழியில வைக்கல்லியே அக்கா. நான் மாலை வாங்கிட்டு வந்தேன், அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாவ. மொகத்தப் பாக்கல்ல. இண்ணைக்குக் காலைல என்னக் கூப்பிட்டாரு. கல்லுவீட்டுக்காரின்னு. அதான், குணமாயிட்டாருபோலன்னு..."

அவள் குரலில் பயம் இல்லை. சந்தோஷம் இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பாதி சாத்தியிருந்த உள்ளறைக் கதவை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு கணம் நானும் திரும்பிப் பார்த்தேன் என்று இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவளை உட்காரவைத்து விளக்கினேன். குரலை மிஷின் எப்படிப் படிக்கிறது, பெயர் எப்படிப் பட்டியலுக்கு வந்தது, எல்லாம். கவனமாகக் கேட்டாள். கடைசியில், "அண்ணைக்கு ரப்பர் கொட்டைன்னு சொன்னதும் நீங்கதான். சரியாத்தான் இருந்து" என்றாள். மீன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்க பிள்ளைக்குக் குவைத்துல வேலை கெடச்சத அவருட்ட சொன்னேன். அது ஆருட்ட போச்சு அக்கா?"

யாரிடமும் போகவில்லை என்பதுதான் உண்மை. அந்தப் பக்கம் கேட்பதற்கு எதுவுமே இல்லை. அதை என்னால் சொல்ல முடியவில்லை. மகள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கிட்ட வந்து சேந்தாச்சு பெரியம்மா" என்றாள். மீனை வாங்கி உள்ளே வைத்தாள்.

அந்த அம்மா போனதும் மகள் கம்பெனிக்குப் போன் செய்து, மீதி அழைப்புகளை நிறுத்தச் சொன்னாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "டெஸ்ட் பண்ண மொதல்ல எனக்க நம்பருக்குத்தான் போட்டேன் மாமி. என்ன அவரு வெறும் பேருலதான் சேவ் பண்ணியிருந்தாரு. பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. எனக்க மவ நிக்கா, அவளுக்கு ஓட்டுப் போடணும்னாரு. நான் ஆருண்ணே தெரியாதமாதிரி."

அவள் அழவில்லை. நோட்டீஸ்களை எடுத்து அடுக்கினாள். நான் கிளம்பும் முன்னால் ஒன்று கேட்டேன்.

"மழை உண்டான்னு கேக்குதாரே, அதையும் நீதான் எழுதிக்குடுத்தியா?"

"அப்படி எதுவும் இல்லியே."

எழுதிய தாளைக் காட்டினாள். இல்லை. என் எண்ணுக்குப் போன ஒலிப்பதிவைப் போட்டாள். 'மீட்டர்க்காரி, நான்தான் பேசுதேன்.' பிறகு ஒரு சிறிய இடைவெளி, இரண்டு மூச்சு விடும் நேரம். பிறகு, 'எனக்க மவ இந்தத் தடவ...' நான்கு முறை போடச் சொல்லிக் கேட்டேன். அந்த இடைவெளியில் ஒரு சத்தமும் இல்லை. இயற்கையாக இருக்கட்டும் என்று எல்லோருக்கும் அந்த இடைவெளியை விட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் உண்மையைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "நீ பேசினது கொல்லையில கேட்டுது" என்றாள்.

"நான் எங்க பேசினேன்?"

"'இல்ல, நல்ல வெயிலு'ன்னு சொன்ன. சிரிச்ச. அதான் ஆருன்னு கேக்க வந்தேன். நீ ராங் நம்பருன்ன."

நான் பேசியது எனக்கு நினைவில்லை. இப்போதும் இல்லை. எதிர்பார்க்கிற சத்தத்தை மூளை தானே உண்டாக்கிக் கேட்கும். இது ஒன்றும் அதிசயமில்லை, இதையும் நான் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். நாற்பது வருடம் அளவெடுத்தே வாழ்ந்தவள் நான். கருவி காட்டாததைக் குறிப்பேட்டில் எழுதியதில்லை. ஆனால் இன்று அந்தக் காலையை நினைத்துப் பார்த்தால், "அங்க மழை உண்டா" என்பது மற்ற எல்லா வார்த்தைகளையும்விடத் தெளிவாகக் கேட்கிறது. மிஷின் பேசிய பகுதிதான் கொஞ்சம் தகரத்தில் தட்டின மாதிரி இருக்கிறது.

நண்பரின் மகள் ஜெயித்தாள். குரல் இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்பாள் என்று சிலர், அந்தக் குரலால்தான் என்று சிலர். எடுக்காண்டாம் அவளுக்கு ஓட்டுப் போடவில்லை என்று நேரிலேயே வந்து சொன்னாராம். கம்பெனிக்காரர்கள் குரலை அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒன்று இல்லை என்பதற்கு எந்தக் கருவியிலும் அளவு வராது. அதனால் அதைப் பற்றி அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

என் உடம்பையும் மெடிக்கல் காலேஜுக்குத்தான் எழுதிக்கொடுத்திருக்கிறேன். போன வாரம் அந்தக் காகிதங்களை எடுத்துவைத்துக்கொண்டு, குரலை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று தங்கையிடம் சொன்னேன்.

"அத எங்க போய் எழுதிக்குடுக்கணும்?" என்று கேட்டாள்.

அப்படி ஒரு அலுவலகம் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் நானே எழுதினேன். சாட்சிக் கையெழுத்துக்குத் தங்கையும், புதிய பஞ்சாயத்துத் தலைவரும். கையெழுத்துப் போட வந்தவள் தாளை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு தனக்கும் ஒரு தாள் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.