பழவேற்காட்டில் என்னைப் பெண் பார்த்த கதை

என்னைப் பெண் பார்த்த இடம் ஒரு கல்லறைத் தோட்டத்தின் வாசல். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்க, நடுவில் நான் மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் நின்றேன். தலையில் கனகாம்பரம் வேறு.

எல்லாம் நைனாவால் வந்தது. எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். கும்மிடிப்பூண்டியில் ஒரு நெல் மில்லில் மேஸ்திரியாக இருந்தார். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு ஏற்கெனவே இரண்டு வரன் வந்து, கேசரியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று போனதோடு சரி. முதல் வரன் என் நிறத்தைக் குறை சொன்னது. இரண்டாவது வரன் என் வாயைக் குறை சொன்னது. அது நியாயம்தான். மாப்பிள்ளையின் அத்தை எனக்குப் பாடத் தெரியுமா என்று கேட்டாள், நான் "உங்க பையனுக்குத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டேன். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அன்றைக்கு நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இனிமே நம்ம ஊட்ல வச்சிப் பொண்ணு காட்றதில்ல" என்று முடித்துவிட்டார்.

அதற்கு வேறு ஒரு வழி உண்டு. ஏதாவது பொது இடத்தில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்த மாதிரி சந்திப்பார்கள். பெண் பார்க்க வந்தோம் என்று இரு தரப்பும் மூச்சு விடக் கூடாது. பிடித்திருந்தால் தரகர் பிறகு வந்து பேசுவார். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது. அம்மா பெரியபாளையம் கோயிலைச் சொன்னாள். அங்கே நம் தெரு ஜனம் பாதி நிற்கும் என்று நைனா தட்டிவிட்டார்.

பழவேற்காட்டில் நைனாவுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். கருவாடு விற்க மில் பக்கம் வந்து பழக்கமானவர். எனக்கு மாமா, அவர் மனைவி அத்தை. "எங்க ஊருக்கு இட்டுக்கினு வா. பாக்கறதுக்கு எம்மாம் கீது! கோட்ட கீது, வெள்ளக்காரன் கல்லற கீது. படகுல சுத்திக் காட்றேன், ஊட்ல சாப்பாடு" என்றார் மாமா.

அம்மா பொரிந்து தள்ளினாள். "கல்லற வாசல்லயா பொண்ணு காட்டுவாங்க? உனுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

"அது டச்சுக்காரன் கல்லறம்மே. செத்து எத்தினியோ தலமொற ஆச்சி. இன்னும் இன்னா தீட்டு?"

எனக்குக் கல்லறையைப் பற்றிக் கவலையே இல்லை. என் கவலையெல்லாம் திங்கட்கிழமையைப் பற்றித்தான். பொன்னேரிக்கு ரயிலில் போய் வந்து பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்திருந்தேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், முள்ளுக்காட்டை வெட்டிக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒரு மருந்துக் கம்பெனியில் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வருவதோ அதற்கு முந்தின ஞாயிறு. நைனா கறாராகச் சொல்லிவிட்டார்: "அவங்க போவட்டும்னா போ. வேணாம்னா வேணாம். நீ வாயத் தொறந்து அதப் பத்திக் கேக்கக் கூடாது, ஆமா."

எனக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வந்திருக்கும்! ராவும் பகலும் படித்தவள் நான், முடிவு சொல்வது முன்பின் பார்த்தறியாத எவனோ. அன்று பஸ்ஸில் நான் யாரோடும் பேசவில்லை. ஜன்னல் வழியாக உப்புக்காற்று முகத்தில் அடித்தது, அதன் மேலும் கோபம்தான் வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா, மாப்பிள்ளை, கல்யாணமான அவன் அக்கா என்று மூன்று பேர் மெட்ராஸிலிருந்து வருவார்கள், கல்லறை வாசலில் நிற்பார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் சொல்லிவைத்த மாதிரி மூன்று பேர் நின்றிருந்தார்கள். வயதான ஓர் அம்மாள், கண்ணாடி போட்ட ஓர் ஆள், கழுத்தில் தாலியோடு ஓர் இளம்பெண். மூன்று பேரும் எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரகரைக் காணோம். நாசூக்காக ஒதுங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

அம்மா முகமெல்லாம் சிரிப்பாகப் போனாள். "சும்மா சுத்திப் பாக்க வந்தீங்களா?"

"ஆமாங்க, சும்மா சுத்திப் பாக்கத்தான் வந்தோம்" என்றார் அந்த அம்மாள்.

"நாங்களும் அதுக்குத்தாங்க வந்தோம்" என்றார் நைனா. அம்மா என் இடுப்பில் கிள்ளி, "இன்னா அழகா நடிக்கிறாங்க பாரு, நல்ல குடும்பம்" என்று காதில் சொன்னாள்.

மாமா முன்னால் நடந்தார். உள்ளே பெரிய பெரிய கல்வெட்டுப் பலகைகள், அவற்றில் கப்பலும் கொடியும் பூவும் செதுக்கியிருந்தது. எழுத்து ஒன்றும் புரியவில்லை, ஆனால் வருஷம் புரிந்தது. மாமா ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு கதை கட்டினார். இவர் கப்பல் கேப்டன், இவர் பெரிய சண்டியர், இவர் முத்து வியாபாரி. ஒரு கல்லறையைக் காட்டி, "இது ஒரு கெழவரு, எட்டு பசங்க" என்றபோது எனக்குப் பொறுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. "கெழவரும் இல்ல, பசங்களும் இல்ல மாமா. செத்த வருஷத்துலேர்ந்து பொறந்த வருஷத்தக் கழிச்சிப் பாருங்க. என் வயசு கூட ஆவல" என்றேன்.

மாமா தலையைச் சொறிந்தார். அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து கல்லைத் தடவிப் பார்த்தார். "அடப்பாவமே. எங்கியோ பொறந்து இங்க வந்து சாவணும்னு எழுதியிருக்கு பாரு" என்றவர், என் முகத்தைப் பார்த்து, "நீ இன்னாம்மா படிச்சிருக்கே?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"வேலைக்குப் போறியா?"

நைனா இருமினார். அம்மா கண்ணால் மிரட்டினாள். இதற்கு மேல் என்ன ஆகிவிடப் போகிறது என்று ஒரு வீம்பு வந்துவிட்டது எனக்கு. "நாளைக்குச் சேரணும். போவலாமா வேணாமான்னு இன்னும் யாரும் சொல்லல" என்று, அந்தக் கண்ணாடிக்காரரை நேராகப் பார்த்துச் சொன்னேன். அவர் திருதிருவென்று விழித்தார்.

"இதுல யாரும்மா சொல்லணும்?" என்றார் அந்த அம்மாள். "எங்க வீட்டுக்காரரு போனப்ப எனக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. வீடு வீடா அப்பளம் வித்துத்தான் இவன ஆளாக்குனேன். கையில ஒரு வேல இருந்துதுன்னா யாரு தயவும் வேணாம்." பிறகு நைனா பக்கம் திரும்பினார். "அனுப்புங்க சார். போவாதேன்னு சொல்ற வீட்ல பொண்ணக் குடுக்காதீங்க."

நைனாவைப் பார்க்க வேண்டுமே! மாப்பிள்ளையின் தாயே சொல்லிவிட்டாள் என்றதும் ஆள் ஒரு சாண் உயர்ந்துவிட்டார். "நான் எதுக்குங்க வேணாங்கறேன்? படிக்க வச்சவனே நாந்தானே! நாளைக்கு நானே இட்டுக்கினு போயி வுட்டுட்டு வர்றேன்" என்று மாமாவைப் பார்த்து, "இன்னா மச்சான், நான் சொல்றது?" என்று சாட்சிக்கும் கூப்பிட்டார். யாருடைய கல்லறை என்றும் பார்க்காமல் பக்கத்தில் இருந்ததன் மேல் கையை ஊன்றிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.

அதன் பிறகு விருந்துதான். அத்தை மடவை மீன் குழம்பும் நண்டு வறுவலும் இறால் தொக்கும் செய்து வைத்திருந்தாள். அம்மா தன் கையால் பரிமாறினாள். அந்த ஆள் போதும் போதும் என்று இலையைக் கையால் மறைக்க, கைக்கு மேலேயே இறால் விழுந்தது. அவருடைய அக்காவுக்கு என் தலைப்பூவில் பாதியைப் பிய்த்து வைத்துவிட்டாள். அவர்களும் கூச்சப்பட்டுக்கொண்டே எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். சாப்பிடப் போகும் வழியில் கோட்டை என்று மாமா காட்டியது முள்ளும் செங்கல்லும்தான், ஆனாலும் நைனா அதைத் தான் கட்டிய மாதிரி சுற்றிக் காட்டினார்.

பிறகு படகு. ஏரி வெயிலில் தகதகத்தது. தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. மாமா கழியை ஊன்றித் தள்ள, கரையை விட்டுக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். அந்த இளம்பெண் திடீரென்று காலைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரரின் தோளைத் தட்டினாள்.

"என்னங்க! செருப்ப அவங்க வீட்லயே விட்டுட்டு வந்துட்டேங்க!"

அக்கா தம்பியை "என்னங்க" என்று கூப்பிட மாட்டாள். எந்த ஊரிலும் கூப்பிட மாட்டாள். அம்மா பேயறைந்த மாதிரி ஆகிவிட்டாள். "அவரு... உங்குளுக்கு?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு" என்றாள் அந்தப் பெண், வெட்கத்தோடு. "கல்யாணம் ஆகி நாலு மாசம் ஆவுது."

மாமா கழியைத் தள்ளுவதை நிறுத்திவிட்டார். என்னால் அடக்க முடியவில்லை, குபீரென்று சிரித்துவிட்டேன். பிறகு அம்மாவே தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னாள். அந்த வயதான அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதான் காலையிலேர்ந்து இந்தக் கவனிப்பா! இந்த ஊரு ஜனமே இப்படித்தான் போலன்னு நெனச்சிக்கிட்டேன்" என்றார். புதுப்பெண் கணவனைக் கிள்ளி, "உங்களுக்கு இன்னொரு பொண்ணு கேக்குதா?" என்றாள். பாவம், அந்த மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பின்னாளில் என்னைக் கட்டிக்கொண்டவரிடம் இதைச் சொன்னபோது, அந்த இறாலெல்லாம் தனக்கு வர வேண்டியது என்று சண்டைக்கு வந்தார்.

நைனா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பும் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சொன்னதால்தானே போகட்டும் என்றார்? இவர்கள் மாப்பிள்ளை வீட்டாரே இல்லை. அப்படியானால் அந்தப் பேச்சும் போயிற்று.

கரைக்கு வந்தால், மாமா வீட்டு வாசலில் தரகர் குடையோடு நிற்கிறார். கூடவே ஓர் அம்மாள், ஒரு பையன், ஒரு அக்கா. வழியில் பஸ் பஞ்சராகி, பாதி தூரம் வெயிலில் நடந்து வந்திருந்தார்கள். கடுகடுவென்று இருந்தது அந்த அம்மாளின் முகம். அத்தை ஓடிப்போய்க் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தாள். அவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். தற்செயலாவது மண்ணாவது, நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"பொண்ணுக்கு வேல கெடச்சிருக்குன்னு தரகர் சொன்னாரு. எங்க குடும்பத்துல பொம்பளைங்க வேலைக்குப் போற பழக்கம் இல்ல. வேணாம்னு சொல்லிடுங்க."

பையன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தரகர் நைனாவுக்குக் கண்ணைக் காட்டினார், சரி என்று சொல்லுங்கள் என்பது போல. செருப்பை மாட்டிக்கொண்டிருந்த புதுப்பெண்ணும் அவள் மாமியாரும் கிளம்பாமல் நின்றுவிட்டார்கள். நான் நைனாவைப் பார்த்தேன். முந்தின இரண்டு வரன் வந்தபோதும் அவர்கள் சொன்னதற்கெல்லாம் கைகட்டித் தலையாட்டிய மனிதர் அவர். இப்போதும் கையைக் கட்டித்தான் நின்றார். ஏரியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"நாளைக்குச் சேருதுங்க" என்றார்.

"அதான் வேணாங்கறமே."

"கேட்டுச்சிங்க." நைனாவின் குரல் நடுங்கியது. "அது போவும்ங்க. நாம ரெண்டு பேரும் சும்மா சுத்திப் பாக்கத்தானே வந்தோம்? கோட்ட அந்தாண்டதான் கீது. வெயில் தாழ்ந்துச்சின்னா பாத்துட்டுப் போங்க, நல்லா இருக்கும்."

தரகர் குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். அவர்கள் கோட்டையைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். மூன்றாவதும் போச்சு, தரகர் இனி நம் வாசல் மிதிப்பாரா, ஊருக்கு என்ன பதில் சொல்வது, எல்லாம் உன்னால்தான் என்று நைனாவை ஒரு பிடி பிடித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். துக்கம் இல்லை. இந்த மனுஷனைப் போய் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேனே என்றும் இல்லை, அவர் திட்டு வாங்க வேண்டியவர்தான். நைனா எனக்காகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அதற்குத்தான் அழுதேன்.

பொன்னேரி தாண்டியதும் முன் சீட்டிலிருந்து நைனா திரும்பினார்.

"நாளைக்குக் காலைல கம்பெனில இன்னா மணிக்குச் சங்கு ஊதுவாங்க?"

"எட்டு மணிக்கு நைனா."

"அப்ப ஏழரைக்கே கெளம்பிடணும். மொத நாளே லேட்டாப் போனா நல்லா இருக்காது" என்றார்.