பரமண்ணையின் புத்தகமும் குகனின் ஐந்து விக்கெட்டும்

புது டென்னிஸ் பந்துக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் கம்பளி... தொண்ணூற்று மூன்றில் உரும்பிராயில் அந்த வாசனையைப் பதினொரு பேர் வரிசையாக நின்று மோந்து பார்த்தோம். கிளாலிக் கடலால் படகில் வந்த ஒருவர் கொண்டுவந்த பந்து. சுற்றுவட்டாரத்தில் வேறு உருப்படியான பந்து இல்லை.

பொருளாதாரத் தடைக் காலம். ரேடியோ இருந்தது, பற்றறி இல்லை. உலகத்தில் யார் யாரை வென்றார்கள் என்பது மாதம் கழித்துத்தான் தெரியும்.

ஆனால் ஆயிரத்து எண்ணூற்று முப்பதுகளில் இங்கிலாந்தில் நடந்த ஆட்டங்கள் எங்களுக்கு உடனுக்குடன் தெரிந்தன.

காரணம், எங்கள் கப்டன் பரமண்ணை. சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவரிடம் அட்டை போன ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்துக் கவுண்டி பந்துவீச்சாளர் ஒருவரின் முழு வாழ்க்கை. உயரத் தொப்பியோடு, கையைத் தோளுக்கு மேலே தூக்காமல் பந்து போட்டவர். பரமண்ணை பஞ்சர் ஒட்டி முடித்த கையோடு, நாளுக்கு ஒரு ஆட்டம் வாசித்துத் தமிழில் சொல்வார். அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்க்க எவருக்கும் அனுமதியில்லை.

எங்கள் பந்துவீச்சாளர் குகன் தினமும் வந்துவிடுவான். புத்தகத்துப் பந்துவீச்சாளர் அவனுக்கு 'எங்கடை ஆள்'.

"அண்ணை, எங்கடை ஆள் இண்டைக்கு எத்தினை விக்கெட்?"

அந்தப் புத்தகமே எங்கள் சட்டப் புத்தகமுமானது. ஓவருக்கு நான்கு பந்து. கையைத் தாழ்த்தித்தான் போடவேண்டும். பந்தும் தேயாது. ஓரிடத்தில் எங்கள் ஆள் ஐந்து விக்கெட் எடுத்ததற்கு அந்தப் பந்தையே பரிசாகக் கொடுத்திருந்தார்கள். அதையும் சட்டமாக்கினோம். அப்போது எங்களிடம் இருந்த கிழிந்த பந்தை யாரும் பரிசாகக் கேட்கப்போவதில்லை.

பிறகுதான் புதுப் பந்து வந்தது.

அந்த ஞாயிறு இணுவில் அணியோடு ஆட்டம். அடுத்த கிழமை குகன் கனடாவுக்குப் புறப்படுகிறான். கடைசி ஆட்டம். பந்தோடு போகவேண்டும் என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஐந்து விக்கெட்டும் எடுத்தான். இரண்டு போல்ட், மூன்று கட்ச்.

"அஞ்சு அண்ணை. பந்தைத் தாங்கோ."

"ஆர் சொன்னது அஞ்செண்டு?" என்றார் பரமண்ணை. "ரெண்டுதான். கட்ச் எல்லாம் பிடிச்சவன்ரை விக்கெட். எங்கடை ஆளுக்கும் அப்பிடித்தானே எழுதினவங்கள்? புத்தகத்தைப் பார்."

உண்மைதான். அந்தக் காலத்து வழக்கம் அது. கட்ச் பிடிபட்டால் பந்து போட்டவர் பெயரே ஏறாது.

"அது அந்தக் காலம் அண்ணை!"

"அப்ப பந்து குடுக்கிறதும் அந்தக் காலம்தான்."

இணுவில் கப்டன் இடையில் புகுந்தார். "உவன் பந்தைக் கொண்டு போனா வாற ஞாயிறு எதாலை விளையாடுறது? தென்னங் குரும்பட்டியாலையோ?"

இருபத்தொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்கோர்க் கொப்பி என்னிடம். நீதியையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் எடைபோட்டேன்... இரண்டு என்று எழுதினேன்.

"நீங்களுமோ அண்ணை?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குகன் போய்விட்டான்.

மறுநாள் கடைக்கு வந்தான். என்னைப் பார்க்கவில்லை. "எங்கடை ஆள் இண்டைக்கு எத்தினை?" என்றான்.

பரமண்ணை வாசித்தார்.

அந்தப் பந்து மயிரெல்லாம் கொட்டி மொட்டையாகும்வரை இரண்டு ஊரும் விளையாடின. அவ்வளவு சந்தோசமான ஞாயிறுகள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கடைகளில் பந்துகள் வலைப்பையில் தொங்குகின்றன. யாரும் மோந்து பார்த்து வாங்குவதில்லை.

போன மாதம் குகன் வந்தான். தொப்பை, நரை, ஒரு பை நிறையப் புதுப் பந்து. அந்நாளில் விளையாடிய பழைய வளவுக்குப் போனோம். நான் மட்டையோடு நின்றேன். அவன் கையைத் தாழ்த்திப் போட்டான். நான் தூக்கி அடிக்க, ஓரமாக ஊன்றுகோலோடு நின்ற பரமண்ணை ஒற்றைக் கையால் பிடித்துவிட்டார். வயது எழுபத்தேழு.

"பிடிச்சது நான். விக்கெட் எனக்கு. எழுது."

பரமண்ணை பந்தைக் கொஞ்சநேரம் உருட்டிப் பார்த்தார். பிறகு குகனிடம் எறிந்தார்.

"பந்தை நீ வைச்சிரு."

மற்றப் பந்துகளை எல்லாம் எங்களிடம் விட்டுவிட்டுத்தான் குகன் கனடா திரும்பினான். அந்த ஒன்றை மட்டும் மோந்து பார்த்து, காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.